சப்பாத்துக் கழற்றும் இடம்

லியனார்ட் முதலில் நெற்றியைப் பார்ப்பார். திருநீறோ பொட்டோ இருந்தால் "வணக்கமுங்க". நெற்றி வெறுமையாக இருந்தால் பார்வை கழுத்துக்கு இறங்கும். அங்கே சிலுவை கிடந்தால் "ஸ்தோத்திரம்". கழுத்தும் கைவிட்டால் மணிக்கட்டு. பௌத்தர் ஓதிக் கட்டும் வெள்ளைப் பிரித் நூல் தெரிந்ததும் "ஆயுபோவன் மாத்தயா" என்று இடுப்பு வளையும். தலையில் தொப்பி இருந்தால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை, தூரத்திலிருந்தே "ஸலாம் நானா" வந்துவிடும். நுவரெலியா பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரைக்குமான நடையில் இப்படி நாற்பது பேரையாவது வகைபிரித்து விடுவார். சுவெட்டரும் மஃப்ளரும் ஆட்களை மூடிவிடுகிற பனிக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். அப்போது எல்லாருக்கும் பொதுவாக ஓர் இளிப்பு.

அவருடைய மணிக்கட்டைப் பார்த்து அவரை யாரும் வகைபிரித்துவிட முடியாது. அதில் பிரித் நூல் இருக்கிறது, ஏதோ ஒரு கோயிலின் சிவப்புக் கயிறு இருக்கிறது, பத்து மணி கோத்த ஜெபமாலை வளையமும் இருக்கிறது. எதிரே வருகிறவர் இன்னார் என்று முடிவானதும், கோட்டுக் கையைச் சரிசெய்வது போல ஒரு விரலை உள்ளே விட்டு, வேண்டியதை மேலே இழுத்துவிட்டு மற்ற இரண்டையும் கீழே தள்ளிவிடுவார். "எல்லாரும் நம்ம ஆளுங்க தானே" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். அதை அவர் சொல்லும்போது எதிரில் நிற்கிறவருக்குத் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

தொழில், விழா. மலைநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பொங்கல் முடிந்தால் காமன் கூத்து, அதன் பின்னால் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு, பாஸ்கு முடிவதற்குள் புத்தாண்டு, அதோடு கொழும்பு முழுவதும் மேலே ஏறி வந்துவிடுகிற ஏப்ரல் சீசன், பிறகு புத்தருடைய வெசாக், தேர், மீலாத், மாதா திருநாள், பாலன் பிறப்பு. பழைய மரக்கறிச் சந்தைக்குப் பின்னால், ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு அடுக்கிய கிடங்கில், இவை அத்தனைக்குமான சாமான்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு காது போன ஒட்டகம். கம்பி மட்டும் மிஞ்சிய வெசாக் விளக்குக் கூடுகள். மயிற்பீலி உதிர்ந்த காவடி. ஞானியர் மூவரில் ஒருவரின் கிரீடம், இந்தியாவிலிருந்து வருகிற யாத்திரீகர்களுக்குச் சீதை கதை நடித்துக் காட்டும் நாட்களில் இராவணனின் நடுத்தலைக்குப் போய்விடும். மே மாதத்தில் போதிமரத்தைச் சுற்றி ஓடுகிற பல்பு மாலைதான் செப்டெம்பரில் மாதாவைச் சுற்றியும் ஓடுகிறது. அந்தப் பல்புகளுக்கும் களைத்துவிட்டது. மூன்றுக்கு ஒன்று எரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பெயர். ஐட்டம்.

"ஹலோ... சொல்லுங்க. என்னா சாமி? அம்மனா? அம்மன் ஐட்டம் இருக்குங்க. லைட்டோடயா, லைட் இல்லாமயா?"

பிறந்தது லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில். ஞானஸ்நானம் கத்தோலிக்கக் கோயிலில். அதை அவர் மறைப்பதில்லை, அதைக் கொண்டு எதுவும் செய்வதும் இல்லை. ஐம்பத்திரண்டு வயது. கறுப்புக் கோட்டு, உள்ளே வி வடிவக் கழுத்து வைத்த சுவெட்டர், காலில் கூர்மூக்குச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கியிருப்பார். இத்தனை விழாக்களுக்குப் போகிற மனிதர் எந்த விழாவுக்குள்ளும் போனதில்லை. சப்பாத்துக் கழற்றும் இடம் வரைக்கும்தான் போவார். கோயிலென்றால் கொடிமரத்துக்கு வெளியே, விகாரையென்றால் கற்படிக்கு இந்தப் பக்கம், பள்ளிவாசலென்றால் வாசற்குழாயடி. அங்கிருந்தபடி கை தட்டி, வயரை அங்கே இழு, பெட்டியை இங்கே வை என்று ஆட்களை ஓட்டுவார். உள்ளே வாங்க என்று யாராவது கூப்பிட்டால், "நூலு அவுத்து கட்ட நேரமில்லங்க, நான் இங்கனயே நின்னுக்கிறேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பெற்றீசியா பூசைக்குள் இருக்க, அவர் வெளியே வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பெற்றீசியா ஆசிரியை. லியனார்ட்டின் தொழிலில் எழுத்து வேலை முழுவதும் அவளுடையது. ஏரிக்கரைப் பெரிய ஹோட்டலில் சீசனுக்குச் சீசன் நடக்கிற "தோட்டத்து மாலை" நிகழ்ச்சிக்கு விளக்கவுரை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். கரகம் என்றால் என்ன, அதைத் தூக்குகிறவர் எத்தனை நாள் விரதம் இருப்பார், காப்புக் கட்டியபின் ஏன் தோட்டத்து எல்லையைத் தாண்ட மாட்டார், ஏன் செருப்புப் போடமாட்டார், ஆற்றோரத்தில் பூச்சுற்றிப் பூசை செய்து பாலித்துத் தலையில் ஏற்றிய கரகத்தை ஏன் கோயில் சேரும்வரை தரையில் இறக்கக்கூடாது, ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் ஏன் அவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள். லியனார்ட் அதை லெமினேட் செய்து வைத்திருக்கிறார்.

"நீங்க அத ஒருக்காவாவது வாசிச்சீங்களா?" என்று பெற்றீசியா ஒருநாள் கேட்டாள்.

"நான் எதுக்கு வாசிக்கணும்? எழுத சொன்னதே நான் தானே."

ஹோட்டல் மேடையில் அவர் உபயோகிக்கிற சொல் "ஒரிஜினல்". கொழும்புக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் அந்தச் சொல் இருந்தால் போதும் என்று கண்டுபிடித்தவர் அவர். பரிமாறுகிற பெண்களின் முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டு "ஒரிஜினல்" என்றார். அந்தக் கூடைக்குள் துடைக்கிற துணியும் கரண்டிகளும் இருந்தன. அவரிடமுள்ள கரகமும் ஒரிஜினல்தான். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் பூ, பசை போட்டு ஒட்டிய எலுமிச்சம்பழம், உச்சியில் கிளி. குடத்துக்குள் தண்ணீர் இல்லை, பஞ்சு. அடியில் இரண்டு பக்கமும் ஓர் இலாஸ்டிக் பட்டி, நாடிக்குக் கீழே மாட்டிக்கொள்ள. மூன்று சீசனாக அங்கே வந்து ஆடிய செல்லசாமி முதல் நாளே அந்தப் பட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதை அவிழ்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளும்படி லியனார்ட்டிடம் சொல்லிவிட்டு, குடத்தை வெறுமனே தலையில் நிறுத்தி ஆடினார்.

செல்லசாமி மூங்கில்கலைத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பதினாறு வருடமாகக் கரகம் தூக்குகிறவரும் அவர்தான். இந்த ஏப்ரலில் ஹோட்டல் வாசலில் ஆள் உயரத்துக்கு அவருடைய படத்தை லியனார்ட் நிறுத்தியிருந்தார். கீழே மூன்று மொழிகளில், சனிக்கிழமை மாலை ஆறு மணி. அந்தச் சனிக்கிழமை லியனார்ட்டுக்குச் சாதாரணமானது அல்ல. ஹோட்டலுக்குப் புது மெனேஜர் வந்திருந்தார். கண்டியிலிருந்து ஒரு நடனக் குழு அவரை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. முதல் நிகழ்ச்சி பிடித்தால் சீசன் முழுவதும் லியனார்ட். பிடிக்காவிட்டால் சீசனும் டிசெம்பரும் கண்டிக்காரருக்கு. மெனேஜர் இதைப் புன்னகையோடு சொன்னார். "கரகம் எனவா நேத லெனாட்?", கரகம் வருகிறதுதானே என்று சிங்களத்தில் இரண்டு தடவை கேட்டார். "ஒவ் சேர், ஒவ். ஒரிஜினல் சேர்" என்று லியனார்ட்டும் இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை காலை வேனை எடுத்துக்கொண்டு மூங்கில்கலைக்குப் போனார். கோயில் முற்றத்தில் பந்தல், வாழை, மாவிலை. முற்றத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு கட்டி, அதற்கு வெளியே செருப்புகள் கிடந்தன. செல்லசாமி உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டி, மூன்று நாள் தாடி, ஒருவேளைச் சோற்றால் ஒட்டிய வயிறு. லியனார்ட் வழக்கம்போலக் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"வாங்கண்ணே" என்றார் செல்லசாமி. "ஒங்க பொக்ஸ் செட்டுக்கு என்னமோ ஆச்சு. அம்மன் பாட்ட போட்டா பாஸ்கு பாட்டு மாதிரியே அழுவுது."

"அத விடுங்க. பின்னேரம் நாலு மணிக்கு வேன் வரும். ரெடியா இருங்க."

"எங்க போக?"

"எங்கயா? ஹோட்டலுக்கு! வருசா வருசம் போறது தானே?"

செல்லசாமி வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த கயிறு. நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.

"வியாழக்கெழம கட்டுனதுண்ணே. இன்னக்கி கரகம்."

இந்த இடத்தில் லியனார்ட்டின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உலகத்துக்கே காப்பு என்றால் என்னவென்று மூன்று மொழியில் விளக்குகிறவர், அப்படியொன்றை முதன்முதலாகப் பார்க்கிறவர் போல அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்துத் திருவிழா உண்மையில் போன வாரம் நடந்திருக்க வேண்டும். போன வாரம் அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் பாஸ்கு நாடகத்துக்குப் போயிருந்தன. "ஒரு வாரம் தள்ளுனா அம்மா கோவிச்சுக்குமா, எல்லாரும் நம்ம ஆளுங்க தானே" என்று கோயில் கமிட்டியைக் கெஞ்சித் தள்ளிவைக்கச் செய்தவர் இதே லியனார்ட். தள்ளிவைத்த விழா எங்கே போய் விழும் என்று பார்க்கத் தோன்றவில்லை. அவர் கணக்கில் அது பெட்டிகள் திரும்பி வருகிற தேதி, அவ்வளவுதான்.

"கழட்டி வச்சிட்டு வாங்களேன் செல்லசாமி. ரெண்டே மணித்தியாலம். திரும்பி வந்து கட்டிக்கலாம்."

கோயிலுக்குப் பக்கத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகலெட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வாட்ச்சா அண்ணே அது, குளிக்க போறப்ப கழட்டி வைக்க?"

"ஏன், நான் கட்டலயா?" லியனார்ட் கோட்டுக் கையை மேலே இழுத்து மூன்றையும் காட்டினார். "இதோட நான் எங்க வேணும்னாலும் போறேன். எனக்கு என்னா ஆச்சு?"

"ஒங்களுக்கு என்னா ஆவும்? மூணு சாமி. இவரு பாத்துக்குவாரு, அவரு பாத்துக்குவாருன்னு மூணு பேரும் விட்டுட்டாங்க போல."

குடங்கள் தளும்பச் சிரித்தார்கள். லியனார்ட்டும் சிரித்தார், வாடிக்கையாளர் இருக்கிற இடத்தில் சிரிப்பை நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை.

"நான் வரமாட்டேன்னு சொல்லலண்ணே" என்றார் செல்லசாமி. "போன வாரம்னா வந்திருப்பேன். அடுத்த வாரமும் வாரேன். அங்க ஆடுறது ஆட்டம். ஒங்க குடம், ஒங்க கிளி, எனக்கு அதுல ஒரு கொறயும் இல்ல. இந்த வாரம் என் காலு எனக்கு சொந்தமில்ல. எல்லயில அந்த போக்குக்கு அங்கிட்டு வைக்க முடியாது."

போக்கு என்றது தோட்டத்து வழி முடிந்து பிரதான வீதி தொடங்குகிற இடத்துச் சின்னப் பாலத்தை. லியனார்ட் அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய மூளை எந்தத் தடையையும் சாமானாக மாற்றிப் பார்க்கும் மூளை. முகம் மெல்ல மலர்ந்தது.

"எல்லைய தானே தாண்டக்கூடாது? காலு தோட்டத்து மண்ணுல தானே இருக்கணும்? நான் மண்ண கொண்டு போறேன். ரெண்டு ஒர பேக்கு. ஹோட்டல் புல்லுல கொட்டி பரப்புறேன். நீங்க அதுல நின்னு ஆடுங்க. மூங்கில்கல மண்ணு! ஒங்க காலு தோட்டத்த விட்டு எறங்கவே எறங்காது."

"வேன்ல வர்றப்ப?"

"வேன்லயும் போடுறேன்."

"வேன் சக்கரத்துக்கு?" என்றாள் நாகலெட்சுமி.

இந்தத் தடவை செல்லசாமியும் சிரித்துவிட்டார். விரதத்தில் இருக்கிறவர் சிரிக்கலாமா என்று யோசித்தவர் போல வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, "சரி, எவ்வளவு நேரம் கயித்துக்கு அங்கிட்டு நின்னு கத்துவீங்க? உள்ள வாங்க. வந்து ஒக்காந்து பேசுங்க. ஒரு வாய் பானக்கம் குடிங்க" என்றார்.

லியனார்ட் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். இரட்டை முடிச்சு.

"இல்ல, நேரமாச்சு."

வேனில் ஏறப்போனவரை நாகலெட்சுமி மறித்தாள். "எங்க நாத்தனாருக்கு லீவு வாங்கி தாரேன்னீங்களே, என்னாச்சு?" நாத்தனார் சீதாலெட்சுமி அதே ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். சீசன் என்று லீவு மறுத்துவிட்டார்கள். மெனேஜரிடம் தான் சொல்வதாக லியனார்ட் ஏற்றிருந்தார். "இன்னக்கி ஆறு மணிக்கெல்லாம் கரகம் எங்க லயத்துக்கு வந்துரும். அவ வாசல்ல தண்ணி ஊத்த ஆளில்ல. போன வருசம் புள்ளைக்கி காச்சல் கண்டப்ப நேந்துக்கிட்டது."

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன். பாக்குறேன்னிருக்காரு."

சொல்லவில்லை. சொல்ல நினைத்ததும் இல்லை. ஆனால் மண் இரண்டு பையை மறக்காமல் அள்ளிக்கொண்டார். எதையும் வீணாக்குகிறவர் அல்ல.

திரும்பும் வழி முழுவதும் தொலைபேசி. இறம்பொடையில் கரகம் ஆடுகிற ஒருவர், அவரும் காப்போடு. பூண்டுலோயா வீரபத்திரன் விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "லெனாட்டண்ணே, இந்த வாரம் மலைநாட்டுல கரகம் ஆட தெரிஞ்ச எவனும் எல்ல தாண்ட மாட்டான். ஒங்களுக்கு தெரியாததா? நீங்க தானே மைக்குல சொல்றது" என்று வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது பெற்றீசியா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "மெனேஜர்கிட்ட உண்மைய சொல்லி அடுத்த கெழமைக்கு வைக்க சொல்லுங்க. கரகக்காரர் ஏன் வரலைங்கிறதே நல்ல கதை தானே. அதையே மைக்ல சொல்லுங்க, கேக்குறவங்க மதிப்பாங்க" என்றாள். அவருடைய ஆயுளில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல யோசனை அதுவாக இருக்கலாம். அவர் அதற்குள் கிடங்குச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணிக்கு ஏரியிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. ஹோட்டல் புல்வெளியில் கதிரைகள், கணப்புச் சட்டிகள், கம்பளி போர்த்திய விருந்தினர். நடுவில் வட்டமாகச் சிவந்த மண். முன்னால் ஓர் அட்டை: "மூங்கில்கலைத் தோட்டத்து ஒரிஜினல் மண்". இரண்டு பேர் குனிந்து அதைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி ஒரு சிட்டிகையைக் கடதாசியில் மடித்து வைத்துக்கொண்டாள். புல் கெடுகிறதே என்று முகம் சுளித்த மெனேஜர் அதைக் கண்டதும் சுளிப்பை நேராக்கிக்கொண்டார்.

செல்லசாமியின் படத்தைத் தாண்டி, தொலைபேசியில் பதிந்த தப்பு முழங்க, கரகம் வந்தது. அடியில் இருந்தவர் லியனார்ட். மஞ்சள் வேட்டி, வெற்றுடம்புக்குப் பதிலாகத் தோல் நிறத்தில் ஒரு பனியன், நாடிக்குக் கீழே இலாஸ்டிக். வயிறு தப்புக்கு ஒரு அடி பிந்தி ஆடியது. தோட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதில் எத்தனையோ கரகத்தின் பின்னால் ஓடியிருப்பார். ஓடிய கால்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் கதிரைகளுக்கு நடுவே வழி தேடுகிறவர் போல அசைந்தார். ஆனாலும் கைதட்டினார்கள். பணம் கொடுத்து உட்கார்ந்தவர்கள் தட்டத்தான் செய்வார்கள். மெனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். லியனார்ட்டுக்கு உயிர் வந்தது. சீசன் கைக்குள் வந்துவிட்டது என்று பட்டது.

வரவேற்புமேசைப் பெண் டிலுக்ஷி மைக்கில் அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸ் கீதத்துக்கும் விமான அறிவிப்புக்கும் இடைப்பட்ட குரல். கரகம் தூக்குபவர் காப்புக் கட்டியபின் காலில் செருப்பு அணிவதில்லை. கோயில் சேரும்வரை கரகம் தரையைத் தொடாது. பெண்கள் வாசலுக்கு வந்து அவர் பாதங்களுக்கு மஞ்சள் நீர் ஊற்றுவார்கள்.

வாசித்துவிட்டு நிறுத்தினாள். பெண்கள் யாரும் வரவில்லை. விருந்தினர் காத்திருந்தார்கள், கெமராக்கள் உயர்ந்து நின்றன. மெனேஜர் சுற்றிலும் பார்த்தார். வேலைக்காரர் வரிசையில் அறை சுத்தம் செய்கிற சீருடையோடு நின்ற சீதாலெட்சுமியை விரலால் கூப்பிட்டு, குசினியிலிருந்து வந்த கண்ணாடிச் சாடியை அவள் கையில் கொடுத்தார். தண்ணீரில் கறித்தூள் மஞ்சள் கரைந்து மிதந்தது.

மணி ஆறு தாண்டியிருந்தது. மூங்கில்கலையில் கரகம் லயத்துக்குள் இறங்குகிற நேரம்.

அவள் மண் வட்டத்தின் ஓரத்தில் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யாரும் சொல்லவில்லை, மண்ணைப் பார்த்ததும் கால் தானே செய்தது. லியனார்ட்டின் முன்னால் வந்து, சாடியைச் சரித்தவள் நிறுத்திவிட்டாள். வேட்டிக்குக் கீழே கூர்மூக்குச் சப்பாத்து, மினுக்கிய கறுப்பில், இரட்டை முடிச்சோடு.

"சப்பாத்த கழட்டுங்கண்ணே" என்றாள் மெதுவாக.

"ஊத்து தங்கச்சி. பரவால்ல. மேலால ஊத்து."

"எப்புடிண்ணே ஊத்த?"

முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டி அவர் காலைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை ஏதோ சொல்ல அதன் தாய் சிரிப்பை அடக்கினாள். மெனேஜர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். லியனார்ட் ஒரு காலின் நுனியால் மற்றக் காலின் குதியைத் தள்ளிப் பார்த்தார்; முப்பது வருடமாக யாருக்கும் அவிழ்க்காத முடிச்சு அசையவில்லை. குனியப் பார்த்தார்; கிளி முன்னே சரிந்தது. இடது பக்கம் கண்டிக்குப் போகிற வீதியில் ஒரு பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. அவர் முடிவெடுத்தார். நாடிக்குக் கீழே விரலை விட்டு இலாஸ்டிக்கை விலக்கி, குடத்தைத் தலையிலிருந்து எடுத்து, சுமை இறக்குகிறவர் போலக் கீழே கொண்டுபோனார்.

சீதாலெட்சுமி சாடியை விட்டுவிட்டாள். அது மண்ணில் கவிழ்ந்து மஞ்சளாக ஓடியது. குடம் தரையைத் தொடுமுன் இரண்டு கையாலும் அடியில் ஏந்திப் பிடித்துவிட்டாள். பஞ்சு அடைத்த குடம், பசை போட்ட பழம், விலைச்சீட்டுக் கிழிக்காத பிளாஸ்டிக் பூ, எல்லாம் அவளுக்குத் தெரியும். லியனார்ட்டின் கிடங்கை வருடத்துக்கு ஒருமுறை கூட்டுகிறவளும் அவள்தான். தெரிந்தும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நனைந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றாள். உதடு அசைந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை.

புல்வெளியில் கெமராக்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின; வெளிச்சம் மினுங்கத் தொடங்கியது. மெனேஜர் தானும் தொலைபேசியை எடுத்தார்.

லியனார்ட் ஒரு முழங்காலை ஊன்றி, முடிச்சைப் பாதி அவிழ்த்தபடி நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், கெமராக்களைப் பார்த்தார், மெனேஜரைப் பார்த்தார். சப்பாத்து நூலை விட்டுவிட்டு, விரலை மேல்நோக்கி அசைத்து, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடி, வெளிச்சத்துக்கு, என்று அவளுக்குச் சைகை காட்டினார்.